சம்பளத்துக்கு வந்த பங்காளி

கச்சேரி என்றால் பாடுகிறவர் முகம் தெரிய வேண்டும் என்றுதானே திடலில் முன்னாலேயே போய்ப் பாய் விரிக்கிறோம்? பாடகர்களின் முகத்தையே சுவர் எழுப்பி மறைத்த கச்சேரி ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இங்கிலாந்தின் 'பிங்க் ஃபுளோய்ட்' குழுவினர் நடத்தியது அது. 1977 ஜூலையில் கனடாவின் மொன்றியல் நகரில், கூட்டத்தின் கூச்சலில் பொறுமை இழந்த ரோஜர் வாட்டர்ஸ், முன்னால் நின்ற ரசிகர் மீது காறித் துப்பிவிட்டார். பிறகு அந்தச் செயல் அவரையே உறுத்தியது. தமக்கும் சனங்களுக்கும் நடுவே நிற்கும் சுவரையே கதையாக்கினார். தகப்பனைப் போரில் பறிகொடுத்த பையன், பொத்திப் பொத்தி வளர்க்கும் தாய், கொடுமைக்கார வாத்தியார் என்று ஒவ்வொன்றும் அதில் ஒரு செங்கல். வாட்டர்ஸின் தகப்பனாரும் 1944-ல் இத்தாலியில் போரில் மாண்டவர்தான். பிள்ளைக்கு அப்போது ஐந்தே மாதம்.

'தி வால்' என்ற இரட்டை இசைத்தட்டு 1979 நவம்பரில் வெளிவந்தது. அதில் லண்டன் பள்ளிப் பிள்ளைகள் பாடிய பாட்டு, படிப்பே வேண்டாம் என்பது போல் ஒலிக்கும். பெற்றோர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அது சாடுவது பிள்ளைகளை மட்டந்தட்டும் வாத்தியாரை. 1980-ல் தென்னாப்பிரிக்கக் கறுப்பின மாணவர்கள் தங்களுக்குக் கிடைத்த மட்டமான கல்வியை எதிர்த்து அதைப் பாட, அரசாங்கம் தடையே போட்டுவிட்டது.

மேடையில் பாட்டு நடக்க நடக்க, ஆட்கள் அட்டைச் செங்கற்களை அடுக்குவார்கள். இடைவேளைக்குள் 160 அடி அகலத்துக்குச் சுவர் எழுந்து குழுவே மறைந்துவிடும். டேவிட் கில்மோர் அதன் உச்சியில் நின்று கிட்டார் வாசிப்பார். கடைசியில் மொத்தச் சுவரும் சரியும். இத்தனை ஏற்பாட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியுமா? 1980, 81-ல் லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், லண்டன், டோர்ட்மண்ட் ஆகிய நான்கே இடங்களில் 31 முறை நடந்தது.

சுவருக்குப் பின்னால் நடந்ததுதான் எனக்குப் பெரிய கதை. கீபோர்ட் வாசித்த ரிக் ரைட் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். இசைத்தட்டு தயாராகும்போதே வாட்டர்ஸ் அவரை வெளியேற்றிவிட்டார். ஆனாலும் மேடைக்கு அவர் சம்பளத்துக்கு வந்து வாசித்தார். செலவு எல்லை மீறி, பங்குதாரர்கள் மூவருக்கும் பெருத்த நஷ்டம். காசு பார்த்தவர் சம்பளக்காரர் ரைட் மட்டுமே! நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் தாம் வளர்த்த குழுவிலேயே கூலிக்கு உட்கார்ந்த மனிதருக்கு அந்தக் காசு இனித்திருக்குமா?

2005 ஜூலை 2-ஆம் நாள், லண்டன் ஹைட் பார்க்கில், நால்வரும் மறுபடி ஒரே மேடையில் வாசித்தார்கள். சுவர் கிடையாது. ரைட் 2008-ல் காலமானார்.