கணனிக்குள் கட்டிய வீடு



ஹூஸ்ரன் நகரிலிருந்து தாயார் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். பல்கலைக்கழக விடுமுறையில் வீடு வந்த மகன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ‘பால்டர்ஸ் கேட் 3’ என்னும் கணனி விளையாட்டிலேயே நாட்களைக் கழிக்கின்றானாம். “சாப்பிடக் கூப்பிட்டாலும் வாறானில்லை. அதுக்குள்ளே அவன் வேறை ஒரு ஆளாம்” என்று கவலைப்பட்டார். இது எங்கே போய் முடியும் என்பது அவருடைய கேள்வி.

முடிவைச் சொல்ல நான் சோதிடன் அல்லன். தொடக்கத்தைச் சொல்லலாம். அது அவருடைய வீட்டிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

ஹூஸ்ரனின் தென்கிழக்கே, விண்வெளி நிலையத்தை அண்டிய கிளியர் லேக் பகுதியில், ஓவன் கரியட் என்ற விண்வெளி வீரரின் மகன் ரிச்சார்ட் வளர்ந்தான். 1974 இல் விஸ்கொன்சினிலிருந்து வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டில் அவனுக்குப் பெரும் பித்து. தாளும் பென்சிலும் பகடையும் கொண்டு, ஒருவன் வீரனாகவும் ஒருவன் மந்திரவாதியாகவும் வேடமேற்று ஆடுவது அது. பாடசாலை மாணவனாக இருந்தபோதே அதனைக் கணனிக்குள் கொண்டுவர முயன்றான். அவ்வாறு பிறந்த ‘அகலபெத்’, அவன் வேலை செய்த கணனிக் கடையிலேயே பிளாஸ்ரிக் பைகளில் இடப்பட்டு விற்பனைக்கு வைக்கப்பட்டு, 1980 இல் ஒரு வெளியீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு ‘அல்ரிமா’ வந்தது.

வேடமேற்பது எமக்குப் புதியதா? ஊர்க் கூத்திலே விடியும்வரை அருச்சுனனாக நின்றவர், காலையில் மண்வெட்டியோடு தோட்டத்துக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வேறுபாடு, கூத்தில் கதை முன்பே முடிவானது. அண்ணாவியார் சொன்னதை மீறி அருச்சுனன் வில்லைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. இவ்விளையாட்டிலோ போகலாம், அதற்கான பலனை அனுபவிக்கவும் வேண்டும்.

1985 இல் வெளிவந்த நான்காவது ‘அல்ரிமா’வில் இந்தப் பலன் என்பதே கதையாயிற்று. கொல்ல வேண்டிய அரக்கன் எவனும் அதில் இல்லை. நேர்மை, இரக்கம், தியாகம், பணிவு முதலான எட்டுக் குணங்களிலும் தேறி ‘அவதாரம்’ ஆவதே குறிக்கோள். ஆம், எங்கள் சொல்லேதான். கண்பார்வையற்ற வியாபாரி ஒருத்தி மூலிகைப் பொருட்கள் விற்கின்றாள். எவ்வளவு காசு கொடுத்தோம் என்பதை ஆடுபவரே சொல்ல வேண்டும். குறைத்துக் கொடுத்தால் அவள் அறியமாட்டாள். ஆனால் விளையாட்டு கணக்கு வைத்திருக்கும்.

கரியட்டின் ‘ஒரிஜின்’ நிறுவனம் பின்னர் ஒஸ்ரினில் நிலைகொண்டது. கலிபோர்னியாவிலிருந்து 1988 இல் வந்த ‘பூல் ஒவ் றேடியன்ஸ்’ இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றது. யப்பானில் ‘டிராகன் குவெஸ்ற்’, ‘பைனல் பான்ரசி’ ஆகியவை பெருங்கூட்டத்தைச் சேர்த்தன. இத்தனைக்கும் பிறகு, தொண்ணூறுகளின் நடுவில் இவ்வகை விளையாட்டு கணனியில் செத்துவிட்டதென்று துறையினரே பேசினர். டலஸ் நகரின் அயலான மெஸ்கீற்றிலிருந்து 1993 இறுதியில் வந்த ‘டூம்’ ஒரு காரணம். துப்பாக்கியை எடு, சுடு, ஓடு. கையேடு படிக்க வேண்டியதில்லை, கட்டக்கொப்பியில் வரைபடம் கீற வேண்டியதில்லை. வேடமேற்கும் விளையாட்டுக்கோ வாசிப்பும் வேண்டும், வாரக்கணக்கில் பொறுமையும் வேண்டும்.

செத்ததென்று சொன்ன வாய் மூடுமுன் அது எழுந்தது. 1996 இன் இறுதி நாட்களில் ‘டயப்ளோ’ வெளிவந்தது. (அது வேடமேற்கும் விளையாட்டே அல்ல என்று வாதிடுவோர் இன்றும் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டையில்லை.) 1997 இல் மூன்று இறுவட்டுகளில் ‘பைனல் பான்ரசி 7’ அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதே செப்ரெம்பரில் ஒரிஜின் நிறுவனம் ‘அல்ரிமா ஒன்லைன்’ என்பதை வெளியிட்டது. மாதம் 9 டொலர் 95 சதம் கட்டினால், ஆயிரக்கணக்கானோர் ஒரே நாட்டில் ஒரே நேரத்தில் வாழலாம்.

அந்நாட்டில் என் மகனும் வாழ்ந்தான்.

நாங்கள் நியூ ஜேர்சிக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. இம்மாநிலத்தில் வாகனக்காரர் தாமே பெற்றோல் நிரப்பச் சட்டம் இடமளிப்பதில்லை. அந்தச் சட்டத்தால் சோறு கண்ட அகதிகளில் நானும் ஒருவன். யாரோ கழித்துவிட்ட கணனி ஒன்று வீட்டில் இருந்தது. பன்னிரண்டு வயது மகன் அதில் மலையைக் குடைந்து இரும்புத்தாது எடுத்தான். உருக்கி வாள் செய்து விற்றான். மாதக்கணக்கில் பொற்காசு சேர்த்தான். எல்லாம் ஒரு வீடு வாங்க. வீட்டுப் பத்திரம் கிடைத்தாலும் காணி கிடைக்கவில்லை. இருந்த வெளியெல்லாம் மற்றவர்கள் கட்டி முடித்திருந்தார்கள். பல நாள் அலைந்து ஒரு காட்டோரத்தில் இடம் பிடித்து வீட்டை வைத்தபின் தாயைக் கூட்டி வந்து காட்டினான். “வாசல் தெற்குப் பார்த்தெல்லே இருக்குது” என்றார் என் மனைவி. அவருடைய கவலை அவருக்கு.

அவ்வுலகில் ஒரு விதி உண்டு. உரிமையாளன் குறித்த நாட்களுக்குள் வந்து பார்க்காவிட்டால் வீடு சிறிது சிறிதாகச் சிதைந்து, ஈற்றில் இடிந்துவிடும். அதை நான் அறியேன். தொலைபேசிக் கட்டணம் எகிறிய ஒரு மாதம், மகனிடம் சொல்லாமலே சந்தாவை நிறுத்தினேன். கோடைகாலத்தில் திரும்பக் கட்டியபோது அந்தக் காட்டோரத்தில் வேறு யாருடையவோ வீடு நின்றது.

அவன் அழவில்லை. இரவு நான் வேலைக்குப் புறப்படும்போது மட்டும் கேட்டான்: “அப்பா, எங்கடை வீட்டை ஆராவது போய்ப் பார்க்கிறவையோ?”

அவன் கேட்டது வலிகாமம் வடக்கில் 1990 இல் நாங்கள் பூட்டிவிட்டு வந்த வீட்டை. அவனுக்கு அப்போது நான்கு வயது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்ப் பார்ப்பவர் யார்? “பார்க்கினம்” என்று பொய் சொன்னேன். சந்தாவை நிறுத்தியது சரியென்றே இன்றும் நினைக்கின்றேன். சொல்லாமல் நிறுத்தியது சரியல்ல.

ஒரிஜின் நிறுவனமும் நிலைக்கவில்லை. 1992 இலேயே அதனை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியிருந்தது. 2000 இல் கரியட் விலகினார். 2004 இல் மூடப்பட்டது. அதே ஆண்டு வந்த ‘வேர்ள்ட் ஒவ் வோர்கிராப்ற்’ 2010 இல் 1 கோடி 20 இலட்சம் சந்தாதாரரைத் தொட்டுப் பின் இறங்கியது. யப்பானிய விளையாட்டுகளுக்கும் அக்காலத்தில் மவுசு குறைந்தது. எனக்குத் தோன்றும் காரணம் வேறு. அனுபவப் புள்ளி சேர்த்தல், படிப்படியாக வலிமை பெறல் முதலியவற்றைத் துப்பாக்கி விளையாட்டுகளும் பந்து விளையாட்டுகளும் எடுத்துக்கொண்டன. எல்லாக் கறியிலும் போட்ட உப்பைத் தனியே யார் தேடுவார்?

ஆனாலும் 2023 இல் பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம், பகடை உருட்டி மெதுவாக ஆடும் பழைய முறையிலேயே ‘பால்டர்ஸ் கேட் 3’ ஐ ஆக்கி, அவ்வாண்டின் சிறந்த விளையாட்டு என்னும் விருதைப் பெற்றது. அம்மையாரே, உங்கள் மகன் ஆடுவது அதைத்தான்.

அவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். தம்பி அதற்குள்ளே யாராக இருக்கிறார், என்ன பெயர் வைத்திருக்கிறார் என்று. அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போய் இருந்து கேட்டுவிட்டுச் சொல்வதாகக் கூறினார். இதனை அச்சுக்கு அனுப்பும்வரை அழைப்பு வரவில்லை.