எதிரி வீட்டுப் பையன்

தொடரின் பெயரே ஒரு பொய். தாய்லாந்து மொழியில் அது 'கே ஃபுவன் க்ராப் ஃபுவன்'. தமிழில் ஏறக்குறைய 'வெறும் சிநேகம்தாங்க, நண்பா' என்று வரும். யாரும் கேட்காத கேள்விக்கு முந்திக்கொண்டு சொல்லும் பதில் இது. இப்படி முந்திக்கொள்கிறவர்களிடம் சிநேகத்துக்கு மேல் ஏதோ இருக்கிறது என்பது எந்த ஊர்க்காரருக்கும் தெரியும். 'பேட் படி' என்ற ஆங்கிலப் பெயருடன் எல்லை தாண்டிய இந்த 12 பகுதித் தொடர், பாங்காக்கின் ஜிஎம்எம் 25 சேனலில் 2021 அக்டோபர் 29-ல் தொடங்கி 2022 ஜனவரி 21-ல் முடிந்தது. ஆங்கில சப்-டைட்டிலுடன் யூ டியூபிலும் வந்ததால், அந்த மொழியில் ஒரு வார்த்தைகூட அறியாதவர்களும் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தார்கள்.

கதை பழசுதான். பாட், பிரான் இருவரும் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள். வீடுகளுக்கு நடுவே சுவர், குடும்பங்களுக்கு நடுவே தீராத பகை. பெரியவர்களின் தொழில் போட்டி பிள்ளைகளின் மார்க் ஷீட் வரை இறங்குகிறது. அடுத்த வீட்டுப் பையன் எத்தனை வாங்கினான் என்று கேட்டுக் கேட்டே இருவரையும் வளர்த்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்திலும் விடிவு இல்லை. பாட் படிப்பது என்ஜினீயரிங், பிரான் படிப்பது ஆர்க்கிடெக்சர். இந்த இரண்டு துறை மாணவர்களும் கண்ட இடத்தில் கைகலக்கிறவர்கள். ஆளுக்கொரு கோஷ்டியில் முன்னால் நிற்கிறவர்கள் பாட்டும் பிரானும். இவர்கள் காதலிக்க வேண்டும். இதுதான் தொடர்.

பகைக் குடும்பங்களில் பிறந்த காதலர்கள் தாய்லாந்துக்குப் புதியவர்கள் அல்ல. 1936-ல் வந்த 'ப்ளே காவ்' நாவலின் குவானையும் ரியாமையும் அங்கே அறியாதவர்கள் குறைவு. சேர்ட் சொங்ஸ்ரீ 1977-ல் அதைத் திரைப்படமாக எடுத்தார். பெயருக்குப் 'பழைய தழும்பு' என்று பொருள். முடிவு மரணம். 'பேட் படி' அதே முடிச்சை எடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே அவிழ்க்கப் பார்க்கிறது. இயக்குநர் நொப்பர்னாச் சைவிமோன், ரசிகர்களுக்கு 'ஆஃப்'. பாட்டாக ஓம் பவத், பிரானாக நனோன் கொரபட்.

ஆணும் ஆணும் காதலிக்கும் இந்த வகைத் தொடர்களுக்கு அங்கே 'ஒய்' தொடர்கள் என்று பெயர். 'யாவோய்' என்ற ஜப்பானியச் சொல்லின் முதல் எழுத்து அது. ஜப்பானில் 1970-களில் பெண் ஓவியர்கள், பெண் வாசகிகளுக்காக வரைந்த படக்கதைகளில் இதன் வேர் இருக்கிறது. தாய்லாந்தில் 2014-ல் 'லவ் சிக்', 2016-ல் 'சோட்டஸ்' என்று வளர்ந்து, 2020-ல் ஊரடங்கு நாட்களில் வந்த '2கெதர்' மூலம் உலகச் சந்தையை எட்டியது. இன்றும் இவற்றை விழுந்து விழுந்து பார்க்கிறவர்களில் பெரும்பகுதி பெண்களே. திரையில் ஜோடியான நடிகர்களைத் திரைக்கு வெளியேயும் ஜோடியாகவே கற்பனை செய்துகொள்வதற்கு 'கூ ஜின்' என்று தனி வார்த்தையே உண்டு. ரசிகர் சந்திப்பு, விளம்பரம், இசை நிகழ்ச்சி என்று அந்தக் கற்பனையைக் காசாக்கும் தொழிலும் உண்டு.

தொழில் என்று வந்தபின் சூத்திரமும் வந்துவிடுகிறது. இருவரில் ஒருவன் முரடன், மற்றவன் மென்மையானவன். ஒருவன் 'கணவன்', மற்றவன் 'மனைவி'. தடுக்கி விழுகிறவனைத் தாங்கிப் பிடிக்க ஒரு கை தயாராக இருக்கும். நடுவே ஒரு பொறாமைக்காரப் பெண். எல்லாம் முடிந்ததும் ஒரு கதாபாத்திரம் கேமராவைப் பார்க்காத குறையாக ஏதாவது ஒரு விளம்பரப் பொருளைப் புகழும். காதல் எதனால் வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. தொடர் அந்த வகை, ஆகவே காதல் வந்துவிட்டது.

'பேட் படி'யில் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பதில், இந்த இருவரின் குணம். பாட் எதையும் மறைக்கத் தெரியாதவன். அறையைப் போட்டது போட்டபடி வைத்திருப்பான். கோஷ்டிச் சண்டைக்குத் தலைமை தாங்கும் இந்த வீரனுக்குக் குழந்தையில் கட்டிப்பிடித்துப் படுத்த பொம்மை பக்கத்தில் இல்லாவிட்டால் இரவு தூக்கம் வராது. பிரான் நேர்மாறு. அவன் அறையில் ஒரு பென்சில்கூடத் தன் இடம் மாறியிருக்காது. மனசும் அப்படித்தான். எதை எந்த அடுக்கில் பூட்டி வைத்தோம் என்பது அவனுக்கு மட்டும் தெரியும். இந்த இருவரும் விடுதியில் எதிரெதிர் அறைக்காரர்கள் ஆனால் என்ன நடக்குமோ அதுதான் தொடரின் நகைச்சுவை. ஒருவன் அழைக்காமல் உள்ளே வருகிறான். மற்றவன் 'வெளியே போ' என்று சொல்லிக்கொண்டே அவனுக்கு இடம் விடுகிறான்.

நண்பர்கள் முன்னால் முறைத்துக்கொள்ள வேண்டும், அவர்கள் தலை மறைந்ததும் பேசிக்கொள்ள வேண்டும். கோஷ்டிகள் மோதாமல் பார்த்துக்கொள்ள இருவரும் ரகசிய ஒப்பந்தம் போடுகிறார்கள். ஒரு பஸ் ஸ்டாப்பைச் சீரமைக்கும் வேலையில் இரண்டு துறையும் சேர்ந்து உழைக்க நேர்கிறது. வரைகிறவன் ஒருவன், கட்டுகிறவன் ஒருவன். வெளியே பார்த்தால் வாய்ச் சண்டை, உள்ளே பார்த்தால் ஒருவர் வேலையில் மற்றவருக்கு மரியாதை. இந்த ஒளிவுமறைவில் பிறக்கும் சிரிப்புக்குக் கீழே ஒரு வலி ஓடிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைப் பருவத்தில் தண்ணீரில் விழுந்த பாட்டின் தங்கையைக் காப்பாற்றியவன் பிரான். பள்ளியில் இருவரும் ஒரே இசைக்குழுவில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்துத்தான் தாய் அவனை வேறு பள்ளிக்கு அனுப்பினாள். பாட் இதை ஒரு பழைய சம்பவமாக நினைத்திருக்கிறான். பிரானுக்கு அது இன்னும் முடியவில்லை. ஒருவனுக்கு இப்போதுதான் தொடங்கும் காதல், மற்றவனுக்குப் பல வருடப் பாரம்.

பாட் தனக்குப் பிடித்தவள் பள்ளித்தோழி இங்க் என்றே நம்பிக்கொண்டிருக்கிறான். வழக்கமான 'ஒய்' தொடராக இருந்தால் அவள் வில்லியாகியிருப்பாள். இங்கே அவள் ஆதியிலிருந்து நல்ல சிநேகிதி. அவளுக்கும் பாட்டின் தங்கை 'பா'வுக்கும் இடையே தனியாக ஒரு காதல் சத்தமில்லாமல் வளர்கிறது. அந்தப் பாத்திரங்களில் நடித்த மில்க் பன்சா, லவ் பட்டரனிட் இருவரும் பின்னர் 2024-ல் '23.5' என்ற தொடரின் நாயகிகளாகவே ஆனார்கள்.

ஐந்தாவது பகுதியின் முடிவில் மொட்டைமாடிக் காட்சி. நண்பனாகவும் இருக்க முடியாது, எதிரியாகவும் இருக்க முடியாது என்ற இடத்துக்கு இருவரும் வந்து சேர்கிறார்கள். முத்தம் கொடுத்தபின் பிரான் சிரிக்கவில்லை. அழுதுவிட்டு அங்கிருந்து போய்விடுகிறான். வேறு தொடர்களில் இது இறுதிக்காட்சியாக இருந்திருக்கும். இதிலோ பாதிக் கதைகூட ஆகவில்லை. அடுத்து இருவரும் செய்வது அவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய காரியம். யார் முதலில் காதலில் விழுவது என்று பந்தயம் கட்டுகிறார்கள். போட்டி போட்டே வளர்ந்தவர்களுக்குக் காதலிக்கவும் அந்த ஒரு பாஷைதான் தெரியும்.

பாஷை என்றதும் சப்-டைட்டிலில் தொலைந்துபோகும் ஒரு விஷயத்தையும் சொல்லவேண்டும். தாய்லாந்து மொழியில் 'நான்', 'நீ' இரண்டுக்கும் வயது, அந்தஸ்து, நெருக்கம் பார்த்துப் பல சொற்கள். பாட்டும் பிரானும் பயன்படுத்துவது 'கூ', 'முங்'. அந்நியரிடம் சொன்னால் அடி விழும். உயிர் நண்பனிடம் சொன்னால் அது உரிமை. எதிரிகளாக இருந்தபோது வாயில் வந்த அதே சொற்களைக் காதலர்களான பிறகும் அவர்கள் விடவில்லை. மாறுவது குரல் மட்டும். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல வழியில்லை. தமிழ்க் காதுக்கு இது உடனே பிடிபடும். சட்டையைப் பிடிக்கிறவனும் 'வாடா' என்கிறான், தோளில் கைபோடுகிறவனும் 'வாடா' என்கிறான்.

'கணவன்', 'மனைவி' சமாசாரத்தையும் தொடர் நேரடியாகத் தொடுகிறது. நண்பர்கள் கேலியாக 'மனைவி' என்று தொடங்கும்போது பாட் திருத்துகிறான். பிரான் தன் மனைவி அல்ல, தன் 'ஃபேன்'. ஆங்கிலத்து 'ஃபேன்' தாய்லாந்துக்குப் போய்க் 'காதல் துணை' என்று பொருள் மாறியது. ஆண், பெண் இருபாலருக்கும் பொது. சூத்திரத்தின் முதுகெலும்பையே உடைக்கும் இந்த வாக்கியத்தைத் தொடர் பிரசங்கமாக்கவில்லை. பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போகிறது.

சிரிப்பு அடங்கும் இடம் பெற்றோர். பகையின் காரணம் பின்பகுதியில் தெரியவருகிறது. இளமையில் பிரானின் தாய்க்குக் கிடைத்திருக்க வேண்டிய கல்வி உதவித்தொகை வாய்ப்பைப் பாட்டின் தந்தை துரோகம் செய்து பறித்துக்கொண்டார். அவள் மகனிடம் காட்டும் கண்டிப்பு வெறும் வீம்பு அல்ல என்று அப்போது புரிகிறது. தன்னை ஏமாற்றியவன் வீட்டில் தன் பிள்ளையும் ஏமாந்துவிடுவானோ என்ற பயம் அது. பாட்டுக்கு இதைவிடப் பெரிய அடி. இத்தனை நாளும் நியாயம் தன் வீட்டுப் பக்கம் என்று நினைத்திருந்தவன் அவன்.

இந்தப் பெற்றோர் எதிர்ப்பது எதை? பிள்ளை ஓர் ஆணைக் காதலிப்பதை அல்ல, எதிரி வீட்டுப் பையனைக் காதலிப்பதை. இதுதான் தொடரின் தந்திரம், இதில்தான் சர்ச்சையும். நிஜத்தில் ஒருபால் காதலர்கள் வீட்டில் சந்திக்கும் எதிர்ப்பை நாசூக்காக ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் குடும்பப் பகையைச் செருகியிருக்கிறார்கள் என்று குறை சொல்ல இடமுண்டு. மறுபக்கமும் உண்டு. ஆண் ஆணைக் காதலிப்பதை யாரும் வியக்காத ஓர் உலகத்தைக் காட்டி, அங்கேயும் காதலுக்கு முட்டுக்கட்டை போட மனிதர்களுக்கு வேறு காரணம் கிடைத்துவிடும் என்று சொல்வதும் ஒரு விமர்சனம்தான்.

வெளி உலகம் அத்தனை தாராளமாக இல்லை. தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2021 நவம்பர் 17-ம் தேதி தாய்லாந்தின் அரசியல் சாசன நீதிமன்றம், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்று சொல்லும் சிவில் சட்டத்தின் 1448-வது பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. மொட்டைமாடி முத்தம் ஒளிபரப்பானது அதற்குச் சில நாட்கள் கழித்து. திரையில் இரண்டு ஆண்களின் காதலைக் கொண்டாடி ஏற்றுமதியும் செய்த தேசத்தில், நிஜமான இரண்டு ஆண்கள் பதிவு அலுவலகத்தில் திருமணத்தைப் பதிய முடியாது. ஆஸ்பத்திரிப் படிவத்தில் கையெழுத்து, சொத்தில் உரிமை என்று எல்லாவற்றிலும் அவர்கள் சட்டப்படி 'வெறும் சிநேகம்தாங்க'.

சுமார் மூன்று வருடங்களில் நிலைமை மாறியது. 2024-ல் நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகளும் திருமணச் சமத்துவச் சட்டத்தை நிறைவேற்றின. 2025 ஜனவரி 23 முதல் அது அமலில் இருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவில் இதைச் செய்த முதல் நாடு தாய்லாந்து. சிவில் சட்டத்தில் 'கணவன்', 'மனைவி' என்றிருந்த இடங்களில் 'வாழ்க்கைத் துணை' என்ற பொதுச் சொல் வந்தது. பாட் தன் நண்பர்களிடம் செய்த அதே திருத்தம். இந்தச் சட்டத்துக்காகத் தெருவிலும் நீதிமன்றத்திலும் பல வருடங்கள் போராடியவர்கள் இருக்கிறார்கள். பெருமை அவர்களுக்கே. காதல் தொடர்கள் அதைப் பங்குபோட்டுக்கொள்வது நியாயமல்ல. இரண்டு ஆண்களின் ஊடலைப் பார்த்துச் சிரிக்க ஒரு தலைமுறையைப் பழக்கியது மட்டும் அவற்றின் கணக்கில் சேரும்.

ஆனால் பாட்டுக்கும் பிரானுக்கும் எந்தச் சட்டமும் உதவாது. அவர்கள் வீட்டை விட்டு ஓடிக் கடலோர கிராமம் ஒன்றில் சில நாட்கள் நிம்மதியாக இருந்துவிட்டு, திரும்பி வருகிறார்கள். ஓடிக்கொண்டே இருக்க முடியாது என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு இருவரும் பெற்றோர் மீது பாசம் உள்ளவர்கள். கடைசிப் பகுதியில் சில வருடங்கள் கடந்துவிட்டிருக்கின்றன. ஊருக்கு அவர்கள் பிரிந்துவிட்ட காதலர்கள். பிரான் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். அவன் ஊர் திரும்பும்போதுதான் விஷயம் வெளிப்படுகிறது. அவர்கள் பிரியவே இல்லை. பகையைப் போலப் பிரிவும் ஒரு நடிப்பு. பெற்றோருக்கும் அது அரைகுறையாகத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிடுகிறார்கள்.

இது வெற்றியா, சமரசமா என்று ரசிகர்கள் சண்டையிட்டார்கள். கட்டியணைத்து ஆசீர்வதிக்கும் பெற்றோரை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். ஆனால் அந்தத் தாயும் அந்தத் தந்தையும் ஒரு பகுதியில் மனம் மாறியிருந்தால் அதுவரை சொன்ன கதை பொய்யாகியிருக்கும். முப்பது வருடக் காயம் ஒரு வெள்ளிக்கிழமையில் ஆறாது. அவர்களால் முடிந்தது, கதவைத் திறக்காமல் ஜன்னலைச் சாத்தாமல் விட்டதுதான். பிள்ளைகள் அந்த ஜன்னல் வழியாகவே போய்வரக் கற்றுக்கொண்டார்கள். அதையும் ஒரு விளையாட்டாக மாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே வித்தை அது.

பக்கத்து வீட்டுக்கு வாசல் வழியாகப் போக முடியாத அந்தப் பையன்களைப் பார்த்துச் சிரித்து முடித்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அந்த நான்கு பெரியவர்களும் எத்தனை காலம் தூங்குவதுபோல் பாவனை செய்வார்கள்?