மயிலைக்கு மேலே மயில்கள்



வியாழக்கிழமை கொலுவில் உட்கார்த்தி வைத்த செட்டியார் பொம்மை, சனிக்கிழமைக்குள் தன் மளிகைக் கடையை விட்டு ஒரு விரல்கடை வெளியே வந்துவிட்டார். விமானப்படை ஒத்திகையின் உபயம். ஒவ்வொரு தடவை ஜெட் உறுமும்போதும் படி அதிரும், அவரும் ஒரு அடி எடுத்து வைப்பார்.

2024 அக்டோபர் 6, ஞாயிறு காலை 11 மணிக்கு மெரினாவில் விமான சாகச நிகழ்ச்சி. விமானப்படையின் 92-ம் ஆண்டு விழாவுக்காக, 21 வருடம் கழித்துச் சென்னைக்கு வந்திருந்தார்கள். நான் மணலுக்குப் போகவில்லை. மயிலாப்பூர் மொட்டைமாடியில் கொடியில் காய்ந்த வேட்டிகளை ஒதுக்கிவிட்டு நின்றேன். பக்கத்து மாடிப் பையன் பறந்தது எல்லாவற்றுக்கும் "ரஃபேல்! ரஃபேல்!" என்று கத்தினான். ஹெலிகாப்டருக்கும்தான்.

அந்த ஹெலிகாப்டர்கள் சாரங் அணி. சாரங் என்றால் மயில். உடம்பில் மயில் தீட்டிய துருவ் ஹெலிகாப்டர்கள், கோவைப் பக்கம் சூலூரிலிருந்து வருபவை. 2003-ல் அமைந்த அணி, மறு வருடமே சிங்கப்பூரில் அரங்கேறியது. அம்பாள் மயிலாக வந்து கபாலீஸ்வரரைப் பூஜித்த இந்த ஊருக்குக் கிட்டே மயில்கள் வட்டமடிக்கின்றன என்று சொன்னதும், "கபாலி ஏற்பாடு" என்று எதிர்வீட்டு மாமி முடித்துவிட்டார்.

அன்று பறந்த ஜெட் அணியான சூர்யகிரணின் கதை இன்னும் நீளம். அதற்கு முன்பு தண்டர்போல்ட்ஸ் என்று ஓர் அணி இருந்தது. விமானப்படையின் பொன்விழாவுக்காக 1982-ல் உருவாகி, 9 ஹண்டர் விமானங்களோடு பறந்தது. ஹண்டர்களுக்கு வயதாகவே கலைந்தது. பிறகு 1996-ல் பீதரில் சூர்யகிரண் பிறந்தது, நம் நாட்டிலேயே வடிவமைத்த கிரண் பயிற்சி விமானங்களில். 2011-ல் அதையும் நிறுத்தினார்கள். பயிற்சிக்கு விமானம் போதவில்லை, சாகசத்துக்கு எங்கே போவது? ஹாக் விமானங்கள் வந்த பிறகு 2015-ல் மறுபடி எழுந்தது. பிரிட்டனின் ரெட் ஏரோஸ் அணியும் ஹாக்கில்தான் பறக்கிறது. ஒன்பது விமானங்களோடு ஆடும் அணிகளை உலகத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கூட்டாகப் பறக்கும் விமானி, போகிற திசையைப் பார்ப்பதில்லையாம். தலைவரின் விமானத்தில் குறித்து வைத்த புள்ளிகளை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டு பறக்கிறார். அவர் கவிழ்ந்தால் இவரும் கவிழ வேண்டும். இறக்கைக்கும் இறக்கைக்கும் இடையே 5 மீட்டர்கூட இருக்காது. 2019 பிப்ரவரியில் பெங்களூரு எலகங்காவில் ஒத்திகையின்போது இரண்டு ஹாக் விமானங்கள் மோதி ஒரு விமானி இறந்தார். வானில் வரையும் அந்தப் புகைக் கோடுகள், சூடான எஞ்சின் காற்றில் பீய்ச்சிய டீசல்தான். சாயம் சேர்த்தால் நிறம். இதைத் தெரிந்துகொண்ட பின்பும் எனக்கு வியப்புக் குறையவில்லை.

ஆனால் அன்றைய தினத்தை வியப்போடு மட்டும் முடிக்க முடியாது. சுமார் 15 லட்சம் பேர் திரண்டார்கள் என்கிறார்கள். உச்சி வெயில், குடிக்கத் தண்ணீருக்குத் தவிப்பு, திரும்பும்போது பறக்கும் ரயில் நடைமேடைகளில் கால் வைக்க இடமில்லை. ஐந்து பேர் வீடு திரும்பவில்லை.  மேலே நொடிக்கணக்கில் திட்டமிடத் தெரிந்த நமக்கு, கீழே பந்தலும் தண்ணீரும் வெளியேறும் வழியும் யோசிக்க நேரமில்லாமல் போனது மன்னிக்க முடியாதது.

மணலில் நின்றவர்களும் மாடியில் நின்றவர்களும் கண்டதை எங்களுக்கு எழுதுங்கள். தண்டர்போல்ட்ஸ் ஹண்டர்களை நேரில் பார்த்த மூத்த வாசகர்கள் யாரேனும் இருந்தால் கட்டாயம் எழுத வேண்டும். புகைப்படம் இருந்தால் பிரதி மட்டும் அனுப்புங்கள். அசலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்