ஊசி போட்டாகிவிட்டது, மருந்து வேலை செய்கிறதா?

நெய்வேலியில் ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால் அந்தக் குடும்பம் வடலூர், கடலூர் வழியாகப் புதுச்சேரி ஜிப்மருக்கோ, சென்னைக்கோ, வேலூர் சிஎம்சிக்கோ வண்டி ஏறுகிறது. அங்குள்ள பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்எல்சியின் நிரந்தர ஊழியர் என்றால் நிறுவனத்தின் மருத்துவ வசதி இருக்கிறது. சுற்றுக் கிராமத்து ஏழைக் குடும்பம் என்றால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. செலவைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. குப்பிக்குள் இருக்கும் மருந்தின் வீரியத்தைப் பற்றித்தான் பேசவில்லை.

குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் ரத்தப் புற்றுநோய்க்கு அஸ்பராஜினேஸ் தவிர்க்க முடியாத ஊசி. நல்ல அணுக்கள் தமக்கு வேண்டிய அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைத் தாமே தயாரித்துக்கொள்ளும். புற்றணுக்களால் அது முடியாது. ரத்தத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும். இந்த மருந்து ரத்தத்தில் உள்ள அஸ்பராஜினை அழித்து அவற்றைப் பட்டினி போடுகிறது.

மருந்து ஒரு நொதி. பாக்டீரியாவில் வளர்த்துப் பிரித்தெடுத்துச் சுத்திகரிக்க வேண்டும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். சுத்திகரிப்பில் குறை இருந்தால் வேண்டாத புரதங்கள் தங்கிவிடும். அவற்றால் உடலில் எதிர்ப்பு கிளம்பி, அடுத்த ஊசிகள் பலனற்றுப் போகலாம்.

இதில் கொடுமை, வீரியம் குறைந்த மருந்து எந்த அடையாளமும் காட்டாது என்பதுதான். ஊசி போட்ட இடம் வீங்கவில்லை, வாந்தி இல்லை, பிள்ளை தெம்பாக இருக்கிறாள். 'மருந்து நல்லா ஒத்துக்கிட்டது' என்று தாய் நிம்மதி அடைகிறார். நோய் திரும்பும்போது பழி நோயின் மேல் விழுகிறதே தவிர, குப்பியின் மேல் விழுவதில்லை.

இது வெறும் அச்சம் அல்ல. கொல்கத்தா டாடா புற்றுநோய் மையத்தின் ஆய்வாளர்கள் இந்தியச் சந்தையில் விற்கும் அஸ்பராஜினேஸ் வகைகளைச் சோதித்து, தரக்குறைவையும் கலப்புப் புரதங்களையும் 2021-ல் பதிவு செய்தார்கள். பிரேசிலில் 2017-ல் அரசு இறக்குமதி செய்த சீனத் தயாரிப்பை, கம்பினாஸ் நகரக் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் சில்வியா பிராண்டலீசி கேள்வி கேட்டார். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2023-ல் லண்டன் புலனாய்வுப் பத்திரிகையாளர்கள், தரக்குறைவான அஸ்பராஜினேஸ் 90-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிருப்பதாக எழுதினார்கள். அதே ஆண்டு, ஏமனிலும் லெபனானிலும் கிருமி கலந்த நிலையில் பிடிபட்ட, இந்தியாவில் தயாரான மெத்தோட்ரெக்சேட் என்ற இன்னொரு புற்றுநோய் ஊசி குறித்து உலக சுகாதார அமைப்பு எச்சரித்தது.

தமிழகம் இங்கே வெறுங்கையோடு இல்லை. 1994-ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், தான் வாங்கும் மருந்துகளின் மாதிரிகளைத் தயாரிப்பாளர் பெயரை மறைத்து ஆய்வகங்களுக்கு அனுப்புகிறது; தேறிய பிறகே மருத்துவமனைகளுக்கு விநியோகம். பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய முறை இது. ஆனால் நொதி மருந்துக்குக் குப்பியைச் சோதிப்பது பாதி வேலைதான். உடலில் எதிர்ப்பு உருவாகியிருந்தால், நல்ல குப்பியும் வீணாகும்.

மீதிப் பாதிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஊசி போட்ட சில நாட்களில் ரத்தத்தில் மருந்தின் செயல்திறனை அளக்கலாம்; மில்லிலிட்டருக்கு 0.1 அலகுக்குக் குறையாமல் இருந்தால் போதுமானது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. குறைந்தால் வேறு தயாரிப்புக்கோ வேறு வகைக்கோ மாற்ற அப்போதே வாய்ப்பு உண்டு. இதைப் பெற்றோர் கேட்டு வாங்கும் சலுகையாக விடக் கூடாது. காப்பீட்டுத் திட்டத்தின் சிகிச்சைத் தொகுப்பிலேயே சேர்க்க வேண்டும். ஜிப்மர் மத்திய அரசுடையது, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை மாநிலத்துடையது என்ற பிரிவும் இதில் குறுக்கே வரக் கூடாது. ரத்த மாதிரி எடுப்பதற்காகவே நெய்வேலிக் குழந்தை மறுபடி பேருந்தில் போக வேண்டியதில்லை. அங்குள்ள என்எல்சி நகரிய மருத்துவமனையில் எடுத்து, குளிர்ப்பெட்டியில் அனுப்பி, பரிசோதனையில் வரும் அளவை அந்தக் குழந்தையின் சிகிச்சைக் கோப்பில் மருந்தின் தொகுதி எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்க ஏற்பாடு செய்யலாம்.