நான்கு டிஸ்க், ஒரே வீடு

"எந்த நாஸ் வாங்கலாம் சார்?" மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இப்படிக் கேட்டுவிடுகிறார். கூத்து, கச்சேரி, கோயில் திருவிழா என்று காமிராவைத் தூக்கிக்கொண்டு அலைகிற எல்லோருக்கும் இன்று இதுதான் தலைவலி. லாப்டாப்பில் இடமில்லை, மேசை டிராயர் முழுக்க டிஸ்க். ஆகவே நான்கு ஹார்ட் டிஸ்க் போடுகிற பெட்டி ஒன்றை வாங்கி வீட்டு மூலையில் வைத்துவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். அந்த நிம்மதி பொய் என்பது என் கட்சி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தெருக்கூத்து இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடிய ஆறு மணி ஆகும். இன்றைய சாதாரண 4கே காமிரா நொடிக்கு 100 மெகாபிட் எழுதுகிறது. அதாவது மணிக்கு 45 ஜிபி, எட்டு மணி நேரத்துக்கு 360 ஜிபி. இரண்டு காமிரா என்றால் ஓர் இரவுக்கு 720 ஜிபி. ஒரு சீசனில் 25 இரவு எடுத்தால் 18 டெராபைட். இதற்குப் பெரிய இடம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பெரிய இடமும் பத்திரமான இடமும் ஒன்று என்று விற்கிறார்களே, அதைத்தான் மறுக்கிறேன்.

ரெய்டு என்றால் நமக்கு வருமான வரிக்காரர்கள் ஞாபகம்தான் வரும். இந்த ரெய்டு 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் பிறந்தது. விலை உயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான பல சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டலாம், அதில் ஒன்று செத்தாலும் வேலை நிற்காது என்பது அவர்கள் வாதம். நான்கு 8 டெராபைட் டிஸ்க்கை ரெய்டு 5 முறையில் போட்டால் 24 டெராபைட் நமக்கு, ஒரு டிஸ்க் அளவு காப்புக்கு. வேலை நிற்காமல் ஓட இது அருமையான ஏற்பாடு. ஆனால் செத்த டிஸ்க்கை ஈடுகட்டுவது ஒன்று, தொலைந்த கோப்பை மீட்பது வேறொன்று.

இந்த வித்தியாசத்தை நான் கற்றுக்கொண்ட விதம் கேவலமானது. 2017-இல் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் பதினெட்டாம் போர் கூத்தைப் பதிவு செய்தேன். துரியோதனன் வேஷம் கட்டிய வாத்தியாருக்கு அப்போதே எழுபது தாண்டியிருந்தது. விடியற்காலையில் மகன் வந்து, "எங்களுக்கு ஒரு காப்பி குடுங்க சார்" என்றார். "எடிட் பண்ணிட்டுத் தரேன். கவலப்படாதீங்க, நாலு டிஸ்க்குல பத்திரமா இருக்கும்" என்றேன். இரண்டு வருஷம் எடிட் பண்ணிக்கொண்டே இருந்தேன். அதற்குள் வாத்தியார் காலமாகிவிட்டார். பிறகு ஒருநாள் பெட்டியில் இடம் போதவில்லை என்று, இரண்டு முறை ஏறியிருந்த ஃபோல்டர்களை அழித்தேன். அதில் ஒன்றுக்கு இரட்டையே இல்லை. பெட்டியின் ஸ்னாப்ஷாட் வசதியை, இடம் அடைக்கிறது என்று நானே அணைத்து வைத்திருந்தேன். தப்பைக் கண்டுபிடிப்பதற்குள் அந்த இடத்தில் புதுப் பதிவுகள் ஏறிவிட்டன. ஒரு டிஸ்க்கும் பழுதாகவில்லை. நான் சொன்னதை நான்கும் ஒற்றுமையாக, ஒழுங்காகச் செய்து முடித்தன.

நேரில் போய்ச் சொன்னேன். மகன் திட்டவில்லை. "நாலுல இருக்குன்னீங்களே சார், நாலுலயுமா போச்சு?" என்று மட்டும் கேட்டார். நாஸ் விளம்பரம் எழுதுகிற ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே எழுதட்டும்.

'நீ கவனக்குறைவு, பெட்டி என்ன செய்யும்?' என்பீர்கள். சரி, கவனமானவர் கதையைப் பார்ப்போம். ஒரு டிஸ்க் போய்விட்டது, புதிது போடுகிறார். அதை நிரப்ப மற்ற மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். 8 டெராபைட்டுக்கு நொடிக்கு 200 எம்பி வேகம் குறையாமல் ஓடினாலே பதினோரு மணி நேரம். நடைமுறையில் இன்னும் கூடும். அந்த மூன்றும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கி, ஒரே வெயிலில் ஓடிய டிஸ்க்குகள். அவற்றுக்கு மிகக் கடுமையான வேலையை மிக மோசமான நேரத்தில் கொடுக்கிறோம். இன்னொன்று போனால் ரெய்டு 5-இல் எல்லாம் போயிற்று. இடி, வெள்ளம், திருட்டு வந்தால் எத்தனை டிஸ்க் இருந்து என்ன? 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விற்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டாம். ஓட்டுக்கூரையில் ஓடு மேல் ஓடு ஏறியிருப்பதுபோல் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுகிற எஸ்எம்ஆர் டிஸ்க், ரெய்டு மறுநிரப்பலில் திணறும். நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் சில டிஸ்க்குகள் அந்த வகை என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020-இல்தான் ஒப்புக்கொண்டது. 2021 ஏப்ரலில் இணையத்தில் திறந்து கிடந்த கியூநாப் பெட்டிகளுக்குள் கியூலாக்கர் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது.

'அப்போ க்ளவுட்?' வீட்டு இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். 18 டெராபைட்டை ஏற்றப் பதினாறு நாளுக்கு மேல், இரவு பகல் இடைவிடாமல் ஓட வேண்டும். பிறகு மாதாமாதம் வாடகை. கூகுள் போட்டோஸ் அளவில்லாத இலவச இடத்தை 2021 ஜூன் 1-ஆம் தேதி நிறுத்தியதும் ஞாபகம் இருக்கட்டும். அதைவிட டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு திருவண்ணாமலை பஸ் ஏறினால் சாயந்திரத்துக்குள் வேலை முடியும்.

இதை நம் ஆட்கள் எப்போதோ தெரிந்து வைத்திருந்தார்கள். பனையோலையைக் கரையான் தின்னும், செல்லரிக்கும். அதனால் திரும்பத் திரும்பப் படி எடுத்தார்கள். உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது, ஏடுகள் மடத்திலும் பல வீடுகளிலும் சிதறிக் கிடந்ததால்தான். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறு இடத்தில் படி இருந்த நூலைத் திரும்ப வாங்க முடிந்தது, இல்லாத சுவடி போனது போனதுதான்.

எனவே பெட்டி கேட்பவர்களுக்கு என் பதில் இது. இரண்டு ஸ்லாட் உள்ள சாதாரணப் பெட்டி போதும், ஒன்றின் நகல் மற்றொன்றில். மொத்தக் கொள்ளளவில் பாதிதான் கிடைக்கும், கிடைக்கட்டும். இசட்எஃப்எஸ் அல்லது பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறை இருக்கிறதா, டிஸ்க் சிஎம்ஆர் வகையா என்று பாருங்கள். ஸ்னாப்ஷாட்டை அணைக்காதீர்கள். யூபிஎஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள். வெளியிலிருந்து இணையம் வழியாக நுழையும் வாசலைத் திறக்காதீர்கள். பெரிய பெட்டிக்கு ஒதுக்கிய மீதிப் பணத்தில் சாதாரண யூஎஸ்பி டிஸ்க்குகள் வாங்கி, இன்னொரு படியை இன்னொரு ஊரில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து, கோப்பு ஓடுகிறதா என்று பாருங்கள்.

எந்த ஊரில் என்று கேட்டால், அந்தக் கூத்து யாருடையதோ அவர்கள் ஊரில். நான் செய்த பெரிய தப்பு டெலீட் பட்டனை அழுத்தியது அல்ல. கேட்ட அன்றே காப்பி கொடுக்காதது. சேகரிப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு, என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்பதில் ஒரு பெருமை. நான்கு ஸ்லாட் பெட்டி அந்தப் பெருமைக்குப் பூட்டுப் போட்டுக் கொடுக்கிறது. அந்த மகனிடம் அன்றைக்கு ஒரு டிஸ்க் இருந்திருந்தால், நான் எத்தனை முறை அழித்திருந்தாலும் துரியோதனன் இன்றும் ஆடிக்கொண்டிருப்பான்.

இப்போதெல்லாம் பதிவு முடிந்த காலையில் அங்கேயே டீக்கடை பெஞ்சில் லாப்டாப்பைத் திறந்து டிஸ்க் ஒன்றில் படி எடுத்து, வாத்தியார் கையில் கொடுத்துவிட்டுத்தான் வண்டி ஏறுகிறேன். எடிட் பிறகு ஆகட்டும்.