மூச்சைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும்

பெருங்குடலில் பின்னாளில் புற்றாக மாறக்கூடிய சதை வளர்ச்சியைக் கண்டுபிடித்து, அப்போதே வெட்டியெடுத்துவிட உதவுவது கொலோனோஸ்கோபி. வலிக்குமே என்ற பயத்தில்தான் பலரும் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்தப் பயத்துக்குக் கிடைக்கும் பதில், ‘தூங்க வைத்துவிடுவோம், ஒன்றும் தெரியாது’ என்பதுதான். எந்த மருந்து, எவ்வளவு ஆழம், அருகில் இருந்து கவனிப்பவர் யார் என்ற பேச்சு பெரும்பாலும் எழுவதே இல்லை. அது எழுந்தே ஆக வேண்டும்.

மிடசோலத்தோடு ஃபென்டனிலைச் சேர்த்துக் கொடுத்தால் அரைத்தூக்கம் வரும். கூப்பிட்டால் நோயாளி பதில் சொல்வார், வலித்தால் முனகுவார். அளவு மிஞ்சிவிட்டால் முறிப்பதற்கு ஃப்ளூமசெனிலும் நலாக்சோனும் இருக்கின்றன. புரோபோஃபால் வேறு வகை. பால் நிறத்தில் இருக்கும் இந்த மருந்து நரம்பில் ஏறிய ஒரு நிமிடத்துக்குள் ஆளைத் தூக்கத்தில் ஆழ்த்தும். நிறுத்தினால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். நோயாளிக்கும் நிம்மதி, மருத்துவமனைக்கும் அடுத்தவரை அழைக்க வசதி. ஆனால், இதற்கு முறிமருந்து கிடையாது. தூக்கம் சற்று ஆழமானாலே மூச்சு தடைபடலாம்.

புரோபோஃபால் கூடாது என்பதல்ல நம் வாதம். பயிற்சி பெற்ற குழுக்கள் இந்த மருந்தைக் கொடுத்துச் செய்த சுமார் 6.46 லட்சம் எண்டோஸ்கோபிகளின் தொகுப்பு 2009இல் வெளிவந்தது. அத்தனையிலும் இறந்தவர்கள் 4 பேர். அதேசமயம், மயக்கவியல் மருத்துவர் வந்துவிட்டால் எல்லா ஆபத்தும் போய்விடும் என்பதும் உண்மையல்ல. அமெரிக்காவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கொலோனோஸ்கோபிகளை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வில், மயக்கவியல் சேவையுடன் செய்தவற்றில் 30 நாட்களுக்குள் சிக்கல் வரும் வாய்ப்பு 13 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவர் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார். குடல் அளவுக்கு மீறி இழுபடுவதை உணர்த்தும் அந்த எச்சரிக்கை மருத்துவருக்குக் கிடைக்காமல் போவது ஒரு காரணமாக இருக்கலாம்.

நியூயார்க்கில் 2014 ஆகஸ்டில் தொண்டைப் பரிசோதனைக்கும் எண்டோஸ்கோபிக்கும் சென்ற நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸ், புரோபோஃபால் மயக்கத்தில் மூச்சுத் தடைபட்டு, ஒரு வாரத்தில் இறந்தார். மருந்தின் அளவைத் தீர்மானிக்கத் தேவையான உடல் எடை பதிவாகவில்லை, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சரிந்தது உரிய நேரத்தில் கவனிக்கப்படவில்லை என்று அரசு விசாரணை குறிப்பிட்டது. மருந்தைவிடக் கவனக்குறைவே அங்கே பெரிய குற்றவாளி.

கவனிப்பு என்றால் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வதல்ல. மூக்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால், மூச்சு நின்ற பிறகும் அந்தக் கருவி சிறிது நேரம் 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். வெளிமூச்சிலுள்ள கார்பன்டையாக்சைடை அளக்கும் கேப்னோகிராஃபில், மூச்சு நின்ற சில நொடிகளிலேயே அலைக்கோடு படுத்துவிடும். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2011இலேயே இதைக் கட்டாயமாக்கிவிட்டது.

தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டும், விதிகள் வகுக்க 2018 ஆயிற்று. மயக்க மருந்து கொடுக்கும் ஒவ்வொரு எண்டோஸ்கோபி அறையிலும் கேப்னோகிராஃப் இருக்க வேண்டும். நோயாளியின் மூச்சைக் கவனிப்பதைத் தவிர வேறு வேலையில்லாத, பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் தரும் பதிவுச் சான்றிதழுக்கு இவற்றை நிபந்தனையாக்க அரசு இன்னும் 20 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதயம், நுரையீரல் கோளாறோ குறட்டையுடன் தூக்கத்தில் மூச்சுத் தடையோ உள்ளவர்களுக்கு மயக்கவியல் மருத்துவரே வர வேண்டும். விரும்புகிறவருக்கு மயக்க மருந்து இல்லாமலும் செய்யலாம். நார்வேயில் பலர் அப்படித்தான் செய்துகொள்கிறார்கள். அந்த வாய்ப்பும் இங்கே சொல்லப்பட வேண்டும்.

ஒப்புதல் படிவத்தை நீட்டும்போது கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: என்ன மருந்து தருகிறீர்கள்? நான் தூங்கும்போது என் மூச்சைக் கவனிப்பவர் யார்? பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.