களஞ்சியம் யாருடையதாகும்?



விடுமுறைக்குக் கொச்சி செல்லும் குடும்பங்கள் மட்டாஞ்சேரியைப் பாராமல் திரும்புவதில்லை. 1568-ல் கட்டப்பட்ட யூத ஜெப ஆலயத்தைப் பார்த்தபின், பிள்ளைகள் காமிராவோடு பஜார் ரோட்டில் நடக்கிறார்கள். அங்கே வரிசையாக நிற்கும் பழைய பண்டகசாலைகளைப் படம் பிடிக்காதவர் இல்லை. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த சுவர், பாசி படர்ந்த ஓட்டுக் கூரை, சாயம் வெளுத்த பெரிய மரக்கதவு, விரிசலில் வேர்விட்ட ஆலங்கன்று ஆகிய யாவும் படத்தில் அழகாகவே விழுகின்றன. காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெயிலில் சுவரின் ஒவ்வொரு தழும்பும் தெளிவாகத் தெரியும். மழை ஓய்ந்த வேளையில் நிறங்கள் இன்னும் ஆழமாகும்.

இப்பண்டகசாலைகளின் முன்வாசல் தெருவை நோக்கும். பின்வாசல் காயலை நோக்கும். படகில் வந்த மிளகும் சுக்கும் ஏலமும் அரிசியும் பின்வாசல் வழியாய் உள்ளே ஏறின. பின்பு புதிய துறைமுகத்துக்காகக் காயலைத் தோண்டிய மண்ணால் வெலிங்டன் தீவு உருவாயிற்று. பெரிய கப்பல்கள் அங்கே சென்றன. 2011-ல் வல்லார்பாடத்தில் கண்டெய்னர் முனையமும் திறக்கப்பட்டது. மட்டாஞ்சேரியின் சில கிடங்குகளில் இன்றும் வியாபாரம் நடக்கிறது. சில பூட்டிக் கிடக்கின்றன. 2012-ல் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பினாலே என்னும் கலைக் கண்காட்சி, இக்கரையோரத்துப் பழைய வணிகக் கட்டடங்கள் சிலவற்றைச் சித்திரக்கூடங்களாக்கியது.

லூக்கா 12-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன ஐசுவரியவானை நினைத்துப் பாருங்கள். விளைச்சல் மிகுந்தபோது, இருக்கும் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாய்க் கட்ட அவன் எண்ணினான். அன்று இரவே அவன் ஆத்துமா கேட்கப்பட்டது. சேர்த்தவை யாருடையதாகும் என்று தேவன் அவனைக் கேட்டார். இந்தப் பண்டகசாலைகளைக் கட்டியவர்களும் பெருக்கத்தையே கண்டிருப்பார்கள். வழிப்போக்கன் ஒருநாள் இச்சுவர்களைப் படமெடுத்துச் செல்வான் என்று அவர்கள் நினைத்திருப்பார்களா?

ஆனால் பிரியமானவர்களே, இந்தப் படங்களில் விழாத ஒன்று உண்டு. மூட்டைகளைச் சுமந்த முதுகுகள்!

கொச்சித் துறைமுகத்தில் ‘சாப்பா’ என்றொரு முறை இருந்தது. வேலை தேடிப் பெருங்கூட்டமாய் மனிதர் நிற்க, மூப்பன் உலோக வில்லைகளை அக்கூட்டத்தின் நடுவே வீசி எறிவான். முண்டியடித்து வில்லையைப் பிடித்தவனுக்கு அன்று வேலை கிடைக்கும். பிடிக்காதவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். இதை ஒழிக்கக் கேட்டுத் தொழிலாளர் போராடினார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீசார் சுட்டதில் தொழிலாளர் மாண்டார்கள். அம்முறை பின்னர் ஒழிந்தது.

இப்பொழுது மத்தேயு 20-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். திராட்சத்தோட்டத்து எஜமான் எதையும் வீசி எறியவில்லை. தாமே சந்தைவெளிக்குப் போனார். ஒருமுறையல்ல, பலமுறை போனார். பதினோராம் மணி நேரத்திலும், ஒருவரும் அழைக்காமல் நின்றவர்களைத் தேடிக் கண்டு வேலை கொடுத்தார். சாயங்காலத்தில் கடைசியாய் வந்தவனுக்கும் முழுக்கூலி அளந்தார். நம்முடைய தேவன் இப்படிப்பட்டவர் அல்லவா? நம்மில் அநேகரை அவர் பதினோராம் மணி வேளையில்தானே கண்டுபிடித்தார்!

ஊரை விட்டு நகரத்துக்கு வந்த நம் தகப்பன்மார் பலர் தெருமுனையில் காலைதோறும் கூலிக்காக நின்றவர்கள். கர்த்தர் உயர்த்தியதால், இன்று நம்மில் சிலர் மேஸ்திரிகளாகவும் ஒப்பந்தக்காரராகவும் இருக்கிறார்கள். நான்கு பேருக்கு வேலை கொடுக்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்களா? பொழுது சாயுமுன் கூலியைக் கொடுக்கும்படி உபாகமம் 24-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று ஏழையின் கூலியை நிறுத்திவைத்துவிட்டு, ஞாயிறன்று தசமபாகம் செலுத்தினால் கர்த்தர் பிரியப்படுவாரோ? வேறு மாநிலத்திலிருந்து வந்து பாஷை தெரியாமல் நிற்கும் இளைஞனிடம் நீங்கள் மூப்பனைப்போல் நடக்கிறீர்களா, தோட்டத்து எஜமானைப்போல் நடக்கிறீர்களா?

மட்டாஞ்சேரிக்குச் சென்றால் தாராளமாய்ப் படம் பிடியுங்கள். சுமை இறக்குகிறவர் எதிரே வந்தால், அவரைப் படமெடுக்குமுன் உத்தரவு கேளுங்கள். திரும்பி வந்தபின் அந்தப் படத்தை உங்கள் சபையில் மூட்டை சுமந்து பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒரு முதியவரிடம் காட்டுங்கள். அவர் சொல்வதை உங்கள் பிள்ளைகள் கேட்கட்டும். சுவர்கள் உதிர்ந்துபோகும். கூலிக்காரனுடைய பெயரையோ கர்த்தர் மறப்பதில்லை.

நம்முடைய கைகளின் கிரியைகளைக் கர்த்தர் ஆசீர்வதித்து, நம் கையின்கீழ் உழைப்பவர்களுக்கும் நம்மை ஆசீர்வாதமாக வைப்பாராக. ஆமென்.